உறுமி நின்ற இடம்

எங்கள் அம்மன் கோயில் கொடைக்கு வரவேண்டிய மேளக்காரர்கள் மான்குர்த் கொடைக்குப் போய்விட்டார்கள் என்று தெரிந்ததும், எங்கள் தாராவிச் சந்தில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அந்தேரி கிளப்புகளில் லேப்டாப்பை வைத்து இசை போடுகிறவன் நான். அதுவரை அதை ஒரு பிழைப்பு என்று எவனும் மதித்ததில்லை. கமிட்டித் தலைவர், பழைய உறுமி ரெக்கார்டிங்கை அப்படியே போட்டால் போதும், உன் வித்தையெல்லாம் வேண்டாம் என்றார். தலையை ஆட்டிவைத்தேன்.

அப்படியே போட ஒரு பென்டிரைவ் போதுமே, நான் எதற்கு? முதலில் ஊருக்குத் தெரிந்த அடியைக் கொடுக்கவேண்டும். கால் அதில் பழகியதும் வெடுக்கென்று பிடுங்கிக்கொள்ளவேண்டும். கூட்டம் ஏங்கும்போது நெஞ்சை அதிரவைக்கும் பாஸ் ஒலியை இறக்கினால் கிளப்பே துள்ளும். பாதி பழசு, பாதி புதுசு, அதுதான் என் வழி. தொடக்கத்துக்கு அம்மாவின் குலவையைப் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன்.

எங்கள் சந்துக்கு அம்மாதான் சாமியாடி. மற்ற நாளெல்லாம் மாட்டுங்காவில் பாத்திரம் தேய்ப்பவள், கொடையன்று மட்டும் ஆத்தா. அன்று தலைவரே அவள் காலில் விழுவார். அப்பாவின் தம்பி பெண்டாட்டி, என் சித்தி, அதைப் பார்த்துப் பார்த்து வெந்துகொண்டிருந்தவள்.

மதியக் கொடைக்கு அம்மா தலையை அவிழ்த்துப் போட்டு வேப்பிலையோடு நின்றாள். ஸ்பீக்கரில் குலவை எழுந்தது, பின்னால் உறுமி. அவள் தோள் குலுங்கத் தொடங்கியபோது உறுமியை நிறுத்தினேன். காற்று மாதிரி ஒரு சத்தம் மட்டும் மெல்ல ஏறிக்கொண்டே போனது. என் கணக்கில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அம்மாவின் தோள் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கொஞ்சம் பொறு என்று கை காட்டினேன். பாஸ் இறங்கியபோது தகரக் கூரைகள் அதிர்ந்தன, பிள்ளைகள் குதித்தார்கள். ஆத்தா வரவில்லை.

"கொட்டு சரியில்ல," என்றாள் அம்மா, வீட்டில் பேசுகிற குரலில்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்," என்றாள் சித்தி.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அத்தனை வருஷம் அம்மாவிடம் குறி கேட்டு அழுத வாய்கள். சீ என்றிருந்தது எனக்கு.

தலைவர் என் லேப்டாப்பிலிருந்து வயரைப் பிடுங்கித் தன் போனில் சொருகினார். அரதப் பழசான உறுமிப் பதிவு, பாதி இரைச்சல், நடுவில் தாளம் வேறு பிசகும். அதற்கு ஆத்தா இறங்கினாள், சித்தி மேல். தாளம் பிசகிய இடத்திலும் சித்தி பிசகாமல் ஆடினாள்.

திருநீற்றுக்கான வரிசை சித்தியின் முன்னால் திரும்பியது. அம்மாவும் அதில் போய் நின்றாள். சித்தி அவள் நெற்றியில் திருநீற்றை அள்ளி அப்பினாள்.

"ஏட்டி, இனி நீ ஆடாண்டாம். ஓரமா நின்னு கொலவ போடு."

மூத்தவளை ஏட்டி என்று கூப்பிட, சாமி வந்தால்தான் முடியும். சாமி சொல்லை மீறவும் முடியாது. அம்மா ஓரமாகப் போய் நின்று குலவை போட்டாள். நான் பதிவு செய்து வைத்திருந்ததைவிட நன்றாக இருந்தது.