மைக் அண்ணன் வாயை மூடிய வாரம்

மைக் அண்ணனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. தேர்தல் வந்தால் ஆட்டோவின் தலையில் இரண்டு ஸ்பீக்கர் குழாயைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கத்துவார். தேர்தல் இல்லாத நாளில் மோட்டார் காயில் கட்டும் கடையில் உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிறவர்களிடம் கத்துவார். இருபத்தோரு வருஷமாக அவருடைய பூத்துக்கு அவர்தான் பொறுப்பு. கட்சி தோற்கலாம், தலைவர் மாறலாம், பூத் மட்டும் அவருடையது. வேறு எதையும் அவர் கட்சியிடம் கேட்டதில்லை.

போன தேர்தலில்தான் கணக்கு உதைத்தது. ஓட்டு நமக்குத்தான் என்று அவர் நோட்டில் பச்சை டிக் வாங்கியவர்கள் நானூற்று இரண்டு பேர். பெட்டியைத் திறந்தால் நூற்றெண்பத்தேழு. மிச்சம் இருநூற்றுப் பதினைந்து பேர் போகிற வழியில் ஆவியாகிவிட்டார்களா என்று யோசித்து யோசித்து, ஒரு மிக்ஸி மோட்டாருக்கு மூன்று தடவை தப்பாகச் சுற்று போட்டார்.

இந்தத் தடவை தலைமை ஆபீஸிலிருந்து ஒரு சின்னப் பெண் லேப்டாப்போடு வந்து இறங்கினாள். வயசுக்கு அவருடைய மகள் மாதிரி. எல்லோரும் மேடம் என்றார்கள், அவரும் மேடம் என்றார். எப்படி டிக் போடுகிறீர்கள் என்று அவள் கேட்டாள். அது பெரிய வித்தை இல்லை என்று விளக்கினார். போனவுடன் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, “கண்டிப்பா உங்களுக்குத்தான் அண்ணே” என்று சிரித்தால் பச்சை. வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டினால் சிவப்பு. சிவப்பு வீட்டுப் பக்கம் அப்புறம் தலை வைத்துக்கூடப் படுப்பதில்லை.

மேடம் நோட்டை மூடினாள். “அண்ணே, சிரிச்சு அனுப்புறவங்க முடிவு பண்ணிட்டாங்க. உங்ககிட்ட மல்லுக்கட்ட அவங்களுக்கு ஒண்ணுமில்ல. திட்டுறவங்கதான் இன்னும் நம்மகிட்ட ஏதோ எதிர்பார்க்குறாங்க. அவங்க வீட்டுக்குப் போங்க. பத்து நிமிஷம் வாயத் தொறக்காம கேளுங்க.”

கட்சிப் பக்கம் திரும்பி வரக்கூடிய நாற்பது வீடுகளின் பட்டியல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றாள். இல்லாவிட்டால் பூத் மருந்துக்கடைக்காரருக்குப் போகும். அந்தப் பொறுப்புக்குக் காத்திருந்த மருந்துக்கடைக்காரர் கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து பணிவாக இருமினார்.

அந்த வாரம் மைக் அண்ணன் வாங்கிய திட்டை எடை போட்டால் ஒரு லாரி பிடிக்கும். லேத் பட்டறைக்காரர் சாக்கடையில் ஆரம்பித்து அவருடைய மீசையில் வந்து முடித்தார். மூன்றாவது நிமிஷமே பதில் தொண்டை வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார். பத்து நிமிஷம் முடிந்ததும் பட்டறைக்காரரே சந்தேகத்தோடு, “உடம்பு கிடம்பு சரியில்லையா அண்ணே?” என்று கேட்டார். அந்த வீட்டுக்குப் பச்சை போட்டார்.

போகப் போகக் குழப்பம் கூடியது. ஓய்வு பெற்ற தபால்காரர் அடுத்த கட்சி செய்த காரியத்துக்கு இவரைப் பிடித்துக் காய்ச்சினார். அந்தத் திட்டு யார் கணக்கில் சேரும்? ஒரு டீச்சரம்மா சிரித்துக்கொண்டே திட்டினார். அது எந்தக் கலர்? மேடத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். போட்டுக் குழப்பிக்காதீங்க அண்ணே என்று வைத்துவிட்டாள். குழப்பத்தை ஆரம்பித்து வைத்ததே அவள்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் முப்பத்தொன்பது வீடு சேர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது சும்மா ஒரு பேச்சுக்கு மனைவியிடம், இந்தத் தடவை நீ யாருக்குப் போடுவே என்று கேட்டார். அவர் மனைவிக்குத் தையல் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு நூல் பிசிறினாலும் சட்டையைத் திருப்பி அனுப்புகிற கண்.

“உங்க கட்சிக்குத்தாங்க” என்று சிரித்தாள். உட்காரச் சொல்லி, தண்ணீரும் வைத்தாள்.

மைக் அண்ணன் நாற்காலியையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கல்யாணமான புதிதில் அவள் திட்டுகிற திட்டுக்குப் பக்கத்து வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அது எப்போது நின்றது? போன தேர்தலா, அதற்கு முந்தினதா? மோட்டார் கருகினால் தெருமுனையிலிருந்தே மோப்பம் பிடிக்கிற மனுஷனுக்கு, சொந்த வீட்டில் ஒரு வாசனையும் வரவில்லை. இதைப் போய்ச் சந்தோஷம் என்று இத்தனை வருஷம் நினைத்திருக்கிறார்.

ஞாயிறு காலையில் குளித்து, சட்டை மாற்றி, நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கேட்டைச் சாத்தினார். திரும்பி நின்று தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினார்.

மனைவி திறந்து, மேலும் கீழும் பார்த்தாள்.

“கட்சியிலேருந்து வந்திருக்கேங்க. பத்து நிமிஷம் பேசலாமா?”

இப்போது கதவைச் சாத்திவிடுவாள் என்று நினைத்தார். அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

“வீட்டுக்காரர் இல்லைங்களே.”

“எங்க போயிருக்காரு?”

“தெரியலைங்க. இருபத்தோரு வருஷமா தேடுறேன்.”

பதில் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டு நோட்டைப் பிரித்துப் பேனாவை எடுத்தார்.

அப்புறம் அவள் பேச ஆரம்பித்தாள். சத்தம் போடவில்லை. மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போன நாள், அவளுடைய அப்பா படுக்கையில் கிடந்த மாசம், இவர் பாதியில் எழுந்து போன சாப்பாட்டு வேளைகள். எல்லாம் தேதியோடு வந்தது. கடைசியாகத் தன்னுடைய பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்தாள்.

“அன்னைக்கு உங்க ஆட்டோ ஆஸ்பத்திரித் தெருவுலதான் போச்சு. ஜன்னல் வழியா உங்க குரல் கேட்டுச்சு. ‘உங்கள் துன்பத்தில் துணை நிற்போம்’னு. நர்ஸ் வந்து, கூட யாரும்மா இருக்காங்கன்னு கேட்டாங்க. நான் ஜன்னலைக் கை காட்டினேன்.”

மைக் அண்ணன் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அன்றைக்கு அந்தத் தெருவில் மட்டும் இரண்டு சுற்று போனார் என்பது நினைவுக்கு வந்தது. ஓட்டு அதிகமுள்ள தெரு.

பத்து நிமிஷம் என்று போனது, வெயில் கேட்டைத் தாண்டி அவர் கால் மேல் ஏறும் வரை ஓடியது. அவள் முடித்ததும் மெதுவாக, யாருக்குப் போடுவீங்க என்று கேட்டார்.

“அது ரகசியங்க. கட்சிக்காரங்ககிட்டச் சொல்லக் கூடாது” என்று உள்ளே போனாள். கதவைச் சாத்தவும் இல்லை, வாங்க என்று கூப்பிடவும் இல்லை.

சாயங்காலம் மேடம் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்து நாற்பதில் நின்றாள். கலரே இல்லை. மருந்துக்கடைக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

“இந்த வீடு வருமா அண்ணே?”

“தெரியலம்மா. முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் திட்டுனாங்க. ஆனா சத்தமே இல்ல.” கொஞ்சம் யோசித்தார். “மறுபடி போகணும். ஒரு தடவையில புரியுற வீடு இல்ல.”

மேடம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பூத் உங்களுக்குத்தான் என்று எழுதிக்கொண்டாள். எதைச் சரியாகச் சொன்னோம் என்று அவருக்கு விளங்கவில்லை. கை கொடுத்தவர்களிடம் எல்லாம் தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது உள்ளே விளக்கு எரிந்தது. கதவு ஒருக்களித்து இருந்தது. தள்ளிக்கொண்டு போவதா, தட்டுவதா என்று தெரியாமல், செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக மைக் அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.