ஹெட்லைட் ஸ்விட்ச்

பக்கவாதம் வந்து என் கணவரின் வலது கை விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு ஸ்பாஞ்சுப் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். இவர் அதை இடது கையால் பிடுங்கி ஜன்னல் வழியாக எங்கள் காக்ஸ் டவுன் தெருவில் எறிந்தார். அடுத்த பந்துக்கும் அதே கதிதான். அவள் என்னைத் தனியாக அழைத்து, "ஆன்ட்டி, கட்டைவிரல்ல கொஞ்சம் அசைவு இருக்கு. அவரே ஆசைப்பட்டுச் செய்யற மாதிரி எதையாவது குடுங்க. இப்ப விட்டுட்டா அப்புறம் வராது" என்றாள்.

இவர் ஆசைப்பட்டது என்று பார்த்தால், எனக்கு முன்னாலேயே அந்தக் கார்தான். போர்ட்டிகோவில் கவர் போட்டு நிற்கிறது, எங்கள் கல்யாணத்துக்கும் மூத்தது. பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர் இவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார், சாப்பிடக் கூப்பிட்டால் காது கேட்காது. டாஷ்போர்டில் வரிசையாக இரும்புக் குச்சி வைத்த ஸ்விட்சுகள் உண்டு. கட்டைவிரலால் மேலே தள்ள வேண்டும். தெரியாமல் நான் தொட்டால், "ஏய், அது வீட்டு ஃபேன் இல்லடி" என்று கையைத் தட்டிவிடுவார். பந்தை அமுக்காத மனுஷன் இதையாவது தள்ளுவார் என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் ஒரு ஸ்விட்சும் வேலை செய்யவில்லை. பேட்டரி மாற்றியும் பிரயோஜனமில்லை. பக்கத்துத் தெரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்துவிட்டு, "பேஜார் மேடம் இதெல்லாம். கழட்டிப் போட்டுட்டு புது பட்டன் வெச்சுக் குடுக்கறேன், லேசா தொட்டாலே எரியும்" என்றார். இவருக்கு வந்ததே கோபம். புரளாத நாக்கை வைத்துக்கொண்டு, "வே... வேணாம். போ" என்றார். "ஆய்த்து மேடம்" என்று கன்னடத்தில் சரி சொல்லிவிட்டு வந்தவர் கிளம்பிவிட்டார். வந்த ஆளையும் விரட்டியாயிற்று. ஆயுசெல்லாம் ஆபீசில் டைப் அடித்தவள் நான், முனகிக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன்.

டிரைவர் சீட்டில் அவரை உட்காரவைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும். அவர் இடது கையால் காட்டுவார், நான் கழற்றுவேன். ஹெட்லைட் ஸ்விட்சின் தகரத்தை நெம்பித் திறந்தால் உள்ளே மஞ்சளாகக் கெட்டியாக ஏதோ அடைத்திருந்தது. சுரண்டி மோந்து பார்த்தேன். சந்தனம். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் தண்ணீராகக் குழைத்துப் பொட்டு வைப்பார், நாலைந்து தடவை வழித்து வழித்து. அத்தனையும் குச்சி வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது.

"சாமி கும்பிட்டே சாகடிச்சிருக்கீங்க" என்றேன். பாதி வாயால் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதை மறைக்க இன்னும் நாலு வார்த்தை திட்டினேன்.

உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப மாட்டி, நானே தள்ளிப் பார்த்தேன். டக்கென்று விழுந்தது. எதிர்ச் சுவரில் வெளிச்சம் அடித்தது. பிறகு அவர் முறை. இடது கையால் வலது கையைத் தூக்கி, கட்டைவிரலைக் குச்சிக்கு அடியில் வைத்துக்கொடுத்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. குச்சி அசையவில்லை. தினமும் காலையில் காபி குடித்ததும் வந்து உட்காருவார். விரல் நடுங்கும், அவ்வளவுதான். போகப்போக நடுக்கமும் குறைந்தது. பயிற்சி கொடுக்கும் பெண், "பார்க்கலாம் ஆன்ட்டி" என்பதைக்கூட நிறுத்திவிட்டாள்.

ஒரு மத்தியானம் அவர் தூங்கும்போது நான் அந்த ஸ்விட்சை மறுபடி திறந்தேன். உள்ளே ஒரு தடித்த ஸ்ப்ரிங் இருக்கிறது. குச்சி கெட்டியாக நிற்பதும் டக்கென்று சத்தம் வருவதும் அதனால்தான். அதை எடுத்துவிட்டு ஒரு பால்பாயிண்ட் பேனாவின் ஸ்ப்ரிங்கைப் போட்டேன். ஊதினாலே நகர்கிற மாதிரி ஆயிற்று.

மறுநாள் காலை விரலை வைத்தார். குச்சி மேலே போயிற்று. சுவரில் வெளிச்சம்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று நான் கத்தினேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன், அதில் சந்தேகமே இல்லை. அணைத்தார், மறுபடி போட்டார். அப்புறம் தலையைச் சாய்த்துக் காதைக் கிட்டே கொண்டுபோனார். இடது கையால் ஒரு தடவை தள்ளிப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"டக்கு இல்ல" என்றார்.

"பழசு இல்லையா, தேஞ்சிருக்கும்" என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். இடது உள்ளங்கையை என் முன்னால் நீட்டினார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன், கை மடங்குவதாக இல்லை. உள்ளே போய் மாத்திரை டப்பாவில் ஒளித்து வைத்திருந்த பழைய ஸ்ப்ரிங்கை எடுத்து வந்து அதில் வைத்தேன்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கவே திறந்து மாட்டினேன். வலது விரலைத் தூக்கி வைத்தார். வியர்த்துப்போகும் வரை முயன்றார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இடது கையால் தள்ளினார். டக்.

"இப்ப ஸ்விட்ச் சரியா இருக்கு" என்றார்.