இருட்டில் திறந்த பொதி

பெங்களூரில் என் மகள் செய்யும் ஆராய்ச்சிக்கு இருட்டு வேண்டும். நோயுற்ற செல்லில் கெடுதல் செய்யும் மரபணுவை அடக்குகிற மருந்தை, கண்ணுக்குத் தெரியாத நுண்பொதிகளில் அடைக்கிறாள். பொதி செல்லுக்குள் போய்ச் சேர்ந்தபின், வெளிச்சம் பட்டால்தான் திறக்க வேண்டும். இம்முறை இருட்டில் மூடியே இருந்துவிட்டால் வேலை முடிந்தது, பொங்கலுக்கு உத்திரமேரூர் வருவேன் என்றிருந்தாள். ஏற்கெனவே மூன்று பொங்கல் தவறிப் போயிருந்தது.

சோதனை நாளன்று மாலை நான் விளக்குப் போடவில்லை. இங்கே எரியும் பல்பு அங்கே எதையும் திறந்துவிடாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் கை சுவிட்சுக்குப் போகவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்று அதட்டினார். "இன்னா சார், வெளக்கு வெக்கிற நேரத்துல வூட்ட இருட்டாக்கிக்கினு குந்தினு கீறீங்க? லட்சுமி தட்டுத் தடுமாறியா உள்ள வரும்?"

"பொண்ணு போன் வரட்டும்மா."

"போன் பேசறதுக்கு இன்னாத்துக்கு இருட்டு?" என்று முணுமுணுத்தபடி போய்விட்டார்.

ஏழு மணிக்கு மகள் அழைத்தாள். "இருட்டுலயே தொறந்துக்கிச்சுப்பா. மருந்தெல்லாம் கசிஞ்சிடுச்சு. மறுபடியும் மொதல்லேர்ந்து செய்யணும்."

"அப்ப பொங்கலுக்கு?"

அவளைச் சாப்பிடச் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

பிறகு எழுந்து வீட்டிலுள்ள ஆறு விளக்குகளையும் போட்டேன். பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"இப்பதான் சார் வூடு மாதிரி கீது. பொண்ணு வருதா?"