இரண்டு நூல் இடைவெளி

ஒழுங்கில்லாத கணக்கைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு நான் கோவில்பட்டிக்குத் திரும்பிய சமயம், அண்ணன் தன் கண்ணாடிப் பட்டறையில் ஒரு மிஷினை இறக்கியிருந்தான். அளவைக் கொடுத்தால் போதும், மேஜைமேல் கிடக்கும் கண்ணாடியைத் தானே வெட்டிவிடும். வெளியூரில் எடுக்கிற அளவை போனில் வாங்கி அந்த மிஷினுக்கு அனுப்பும் சாஃப்ட்வேரை நான் எழுதிக் கொடுத்தேன்.

அளவு எடுக்க ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். கயத்தாறு பக்கம் ஆடு வளர்க்கிற குடும்பம். எங்கள் தொழிலில் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். சட்டத்தின் அளவிலிருந்து ஒன்றிரண்டு நூல் குறைத்துத்தான் கண்ணாடி வெட்ட வேண்டும், அப்போதுதான் உள்ளே உட்காரும். அவர் ஒரு கட்டடத்துக்கு ஒரு நூல் குறைப்பார், இன்னொன்றுக்கு மூன்று நூல் குறைப்பார். ஏன் அண்ணாச்சி இப்படி என்று கேட்டேன்.

"தரையப் பாத்துத்தான் விடுதேன் தங்கச்சி" என்றார்.

எனக்கு அது பதிலாகவே படவில்லை. சுவரில் நிற்கிற கண்ணாடிக்குத் தரையை எதற்குப் பார்க்க வேண்டும்? கைக்கு வந்ததைப் போடுகிறார் என்று முடிவு கட்டினேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சாஃப்ட்வேரில் ஒரு வரி சேர்த்தேன். அவர் எத்தனை நூல் விட்டாலும் சரி, இனி ஒரு நூல்தான் குறையும். கரிசலில் பிறந்து வளர்ந்தவள்தான் நானும். மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கிற மண்ணில், மேலே நிற்கிற கட்டடமும் கூடவே அசையும் என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

வெட்டிய கண்ணாடியில் ஒட்டுகிற சீட்டும் என் ஏற்பாடுதான். மேலே அளவு, கீழே அளவு எடுத்தவர் பெயர். மிஷின் வந்த புதிதில் அச்சான முதல் சீட்டை அவர் கேட்டு வாங்கித் தன் போன் உறைக்குள் வைத்துக்கொண்டார். அச்சில் தன் பெயரை அவர் அதற்கு முன் ரேஷன் கார்டில்தான் பார்த்திருக்கிறாராம். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

ஐப்பசி மழை விடாமல் பிடித்தது. புதியம்புத்தூரில் புதிதாகக் கட்டிய ஒரு தையல் கூடத்துக்கு நாங்கள் பெரிய கண்ணாடித் தடுப்பு போட்டிருந்தோம். சூளையில் சூடேற்றிக் கெட்டிப்படுத்திய கண்ணாடி அது. அதன்பிறகு அரை நூல்கூடச் சீவ முடியாது. உடைந்தால் கல் உப்பாக நொறுங்கும். ஒரு நாள் காலையில் யாரும் தொடாமலே அது வெடித்தது. பக்கத்து மிஷினில் தைத்துக்கொண்டிருந்த பெண்ணின் இடது கண்ணில் ஒரு துணுக்கு ஏறியது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் துணுக்கை எடுத்துவிட்டார்கள். பார்வை தெளிய நாளாகும், முழுசாகத் தெளியுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்களாம்.

அண்ணன் அளவு எடுத்தவரைப் பட்டறைக்குக் கூப்பிட்டு, தையல் கூடத்துக்காரர் முன்னாலேயே சத்தம் போட்டான். கண்ணாடியோடு வந்த சீட்டை மேஜையில் வைத்து, உம்ம பெயர்தானே போட்டிருக்கு என்றான். அவர் சீட்டை எடுத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டருக்குள் எதையோ தேடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அளவு டேப்பை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

போனபிறகு உண்மையாகவே தேடினேன். அவர் அந்தச் சட்டத்துக்கு மூன்று நூல் விட்டிருந்தார். என் வரி அதை ஒன்றாக்கியிருந்தது. மண் உப்பிச் சுவர் நகர்ந்ததும் சட்டம் கண்ணாடியை நெருக்கிவிட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நாலு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். பயம்தான், வேறு காரணம் சொல்ல மாட்டேன்.

ஐந்தாம் நாள், அந்த வரிக்குப் பிறகு வெட்டிய கண்ணாடிகளின் பட்டியலை எடுத்தேன். நாகலாபுரத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஆறு ஜன்னல். எல்லாவற்றுக்கும் அவர் மூன்று நூல் விட்டிருந்தார். வெளியே மழை நிற்கவில்லை. அண்ணனிடம் சொன்னேன்.

"ஏட்டி, வெளிய சொல்லிராத. மழை விட்டா எல்லாம் பழையபடி ஆயிரும்" என்றான்.

எனக்கு அவன்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேல் வந்ததுதான். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நனைந்தபடியே அவர் வீட்டுக்குப் போனேன். ஆட்டுக் கொட்டகைக்குத் தகரம் கட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கம்பியை முறுக்கி முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"சீட்டப் பாத்த ஒடனே தெரியும் தங்கச்சி, அது என் அளவு இல்லன்னு. நீங்க சொல்லுவியன்னுதான் நின்னுக்கிட்டு இருந்தேன்."

பள்ளிக்கூடத்துக்கு வாங்க அண்ணாச்சி என்று மட்டும் கேட்டேன். வந்தார். பிள்ளைகளை வேறு அறைக்கு மாற்றச் சொன்னார். சட்டங்களைக் கையால் தடவிப் பார்த்து, ஆறையும் கழற்ற வேண்டும் என்றார். பட்டறை ஆட்களை நானே போனில் வரச்சொன்னேன். கழற்றிய ஒவ்வொரு கண்ணாடியிலிருந்தும் சீட்டை நகத்தால் உரித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் மேஜையில் விட்டுப் போன டேப்பை நீட்டினேன். வாங்கவில்லை.

கிளம்பும்போது, அந்தப் பெண்ணுக்குக் கண் எப்படி இருக்கிறது, போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டார். நான் போகவில்லை.

"நான் ரெண்டு தடவ போயிட்டு வந்தேன். என் பேருல்லா போட்டிருந்துச்சு, மன்னிச்சுக்கோன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் புதியம்புத்தூருக்குப் போனேன். கதவைத் திறந்த அந்தப் பெண்ணின் அம்மாவிடம் கண்ணாடிப் பட்டறையிலிருந்து வருகிறேன் என்றேன். அந்த அம்மா உள்ளே திரும்பி, அளவு எடுத்த மாமா வீட்டிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று மகளிடம் சொன்னாள்.