பாங்கு வரும்வரை ஆறிய கஞ்சி

துஆ கேட்டால் கிடைக்குமா என்று சந்தேகப்படுகிற சகோதரிகளுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நானே பெரிய சந்தேகப் பேர்வழி.

எண்பதுகளில் ஒரு ரமலான். வடக்கே எங்கோ குண்டு வெடித்ததாக ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த வாரம். பெருநாளுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க, சுண்ணாம்புக்குளம் ஊரில் சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பை டின்னில் அடைத்து வாங்கிக்கொண்டு, என் வீட்டுக்காரர் காதர் ஏரியில் படகேறி வந்தார். டின்னுக்குள் ஏரித் தண்ணீர் புகுந்துவிட்டது. சுண்ணாம்பு வெந்து பொங்கி, டின் டமாரென்று வெடித்தது. எதிரே உட்கார்ந்திருந்த பசியாவரம் ஊர்க்காரி அஞ்சலையின் இரண்டு கண்ணும் வெந்துபோயின.

கரையில் இருந்தவர்கள் என் வீட்டுக்காரர் தொப்பியைத்தான் பார்த்தார்கள். "சுண்ணாம்புனு சொல்லிக்கினு பாய் குண்டு எட்டாந்துட்டான்!" போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. மீன்காரிகூட என் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். நானும் யாரையும் நம்பவில்லை. கோள் சொன்னது எவரென்று தெருவில் முகம் முகமாகப் பார்த்து நடந்தேன்.

தொழுகையில் நெற்றி தரையில் பட சஜ்தாவில் விழுந்து அழுதேன். "யா அல்லாஹ், முதலில் அந்தப் பொம்பளைக்குக் கண்ணைக் கொடு. அப்புறம் என் புருஷனைக் கொடு." வாயில் அப்படித்தான் வந்தது.

நோன்புக் கஞ்சி காய்ச்சி பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனேன். அஞ்சலை கண்ணில் கட்டோடு படுத்திருந்தாள். அவள் புருஷன் முனுசாமி மறித்தான்.

"இன்னா கலந்து எட்டாந்தே? மொதல்ல நீ குடி."

எனக்குச் சுருக்கென்றது. "நோன்பு வெச்சிருக்கேன். பாங்கு சொல்லட்டும், உன் கண்ணு முன்னாடியே குடிக்கிறேன்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அதுவரிக்கும் நானும் பசியோட இருக்கேன், பாயம்மா" என்றாள் அஞ்சலை. "இந்தாளு சந்தேகம் தீரட்டும்."

பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. ஆறிப்போன கஞ்சியில் ஒரு வாய் குடித்தேன். முனுசாமி என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவளுக்கு ஊட்டினேன்.

பாதிக் கஞ்சியில் அவள் சொன்னாள்: "டின்னு புஸ்ஸுனு பொங்கினத நான்தானே பார்த்தேன்? சுண்ணாம்பு வேவறது எனக்குத் தெரியாதா? என்னை எவன் கேட்டான்?"

மறுநாள் முனுசாமியே போய் போலீஸை அழைத்துவந்தான். அவள் சொன்னதைக் கேட்டு என் வீட்டுக்காரரை விட்டார்கள். பெருநாளுக்குள் கட்டும் அவிழ்ந்தது. ஒரு கண் தெளிவு, மற்றது கொஞ்சம் மங்கல். "இன்னா பாயம்மா, கொரலுக்கு ஏத்த மூஞ்சி இல்லியே!" என்று சிரித்தாள். அல்ஹம்துலில்லாஹ், நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இன்றும் எங்காவது குண்டு வெடித்தால், நம்மை என்ன சொல்வார்களோ என்று எங்கள் தெரு கதவைச் சாத்திக்கொள்கிறது. எனக்கும் அந்தப் பயம் போகவில்லை. நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக் கொல்கிறவன் என்ன துஆ கேட்பானோ, எனக்குத் தெரியாது. நான் அடிபட்டவர்களுக்குத்தான் முதலில் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள், சகோதரிகளே. கையில் கஞ்சியோடு போய்ப் பாருங்கள். குடித்துக் காட்டச் சொன்னால், குடித்துக் காட்டுங்கள்.