கயிற்றில் நின்ற சக்கரம்

அரூரில் எங்கள் சைக்கிள் கடையில் சக்கரங்களுக்குக் கோட்டம் எடுத்தது நான்தான். பலகையில் என் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. அந்தப் பலகையைப் படிக்கவே எனக்கு எழுத்துக் கூட்ட வேண்டும். ஆனால் நான் கம்பி முறுக்கிக் கொடுத்த சக்கரம் ஆடுகிறது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அவர் ஒரு வேடிக்கை காட்டுவார். நான் கோட்டம் எடுத்த சக்கரத்துக்குப் பொட்டு வைத்து, அச்சின் ஒரு முனையில் மட்டும் கயிறு கட்டி, கூரைக் குழாயில் தொங்கவிடுவார். சும்மா விட்டால் அது சரிந்து தட்டையாகத் தொங்கும். அச்சைப் படுக்கையாகப் பிடித்து, வேகமாகச் சுழற்றிவிட்டுக் கையை எடுத்தால் விழாது. நிமிர்ந்தபடியே கயிற்றைச் சுற்றி மெதுவாக வலம் வரும்.

பக்கத்துக் கடைத் தையல்கார பாய் ஊசியைக்கூட வைக்காமல் ஓடி வருவார்.

"அக்கா கோட்டம் எடுத்தா வீலு நேரா நிக்குது. அண்ணனுக்கும் கொஞ்சம் எடுத்து வுடுங்கக்கா."

"அதுக்கு நம்மகிட்ட இருக்கிற ஸ்பேனர் பத்தாதுங்க பாய்."

என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "பாரம் கீழ இழுக்குது பாய், ஆனா அது பக்கமாத்தான் போவும். போற பக்கம் போவ வுடணும். கைய வெச்சுத் தடுத்தா அப்பவே வுழுந்துடும்."

"நீங்க குடுத்த சுத்து எங்கண்ணே போவுது?"

"எங்கயும் தொலையாது. பால்ஸு கொஞ்சம் தின்னும், காத்து கொஞ்சம் தின்னும். மிச்சம் இருக்கிற வரைக்கும் நிக்கும்."

அதற்காகவே அந்தச் சக்கரத்தின் அச்சுக்குள் உருளும் பால்ஸ் குண்டுகளைத் துடைத்துப் புது கிரீஸ் வைப்பேன்.

போன வருசம் சித்திரையில் அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இரண்டு மாதத்தில் கோல் ஊன்றி, காலை இழுத்து இழுத்துக் கடைக்கு வர ஆரம்பித்தார். வேலை செய்ய முடியாது. வருவார், உட்காருவார், போவார். ஒருநாள் சாக்கடை ஓரம் தடுமாறிவிட்டார். விழவில்லை. ஆனால் அடுத்த தடவை விழுந்துவிட்டால்? அன்றைக்கே கோலைப் பரண்மேல் போட்டேன். மூன்று மாதம் கட்டிலில் உட்கார வைத்துச் சோறு ஊட்டினேன். நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்குப் பெருமை வேறு.

ஆயுத பூசை வந்தது. சக்கரத்தைப் பார்க்க வேண்டும் என்று கை காட்டினார். வீட்டிலேயே, கட்டிலுக்குப் பக்கத்தில் நானே தொங்கவிட்டுச் சுழற்றினேன். நின்றது. பார்க்க வந்திருந்த பாய் கைதட்டினார்.

"அண்ணே, இனிமே அக்காதான் ஓனரு!"

அவர் முகத்தில் பாதி சிரித்தது.

சுழற்சி குறையக் குறையச் சக்கரம் தணிந்தது. வலம் வருவதோ வேகமானது. முகத்தில் இடித்துவிடும் என்று பயந்து அச்சில் கை வைத்துத் தடுத்தேன். சக்கரம் தொப்பென்று சரிந்து கட்டில் சட்டத்தில் மோதியது.

"தடுத்தா... வுழும்னு... உனக்குத் தெரியுமே புள்ள."

குழறித்தான் சொன்னார். ஆனால் அவர் சக்கரத்தைப் பார்க்கவில்லை. பரணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏணி போட்டுக் கோலை எடுத்தேன். அடியில் தேய்ந்திருந்த ரப்பரைக் கழற்றிவிட்டு, மறுநாள் காலையில் புதுசு வாங்கி மாட்டினேன். பாயும் நானும் இரண்டு பக்கமும் தாங்கி அவரைத் தூக்கினோம். நல்ல காலாக இருந்த இடது காலும், மூன்று மாதம் ஊன்றாததில், இப்போது மடங்கியது.

"நாளைக்குப் போலாங்க," என்றேன்.

அடுத்த நாளும் முடியவில்லை. அதற்கடுத்த நாள் அவரே வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். தையில் கண்ணை மூடிவிட்டார்.

இந்த வருசமும் கடையில் சக்கரத்தைக் கட்டினேன். தணிந்து வேகமாக வரும்போது பாய் கையை நீட்டினார்.

"அக்கா, வுழப் போவுது. புடிக்கட்டுங்களா?"

"வேணாங்க பாய். அதுவா நிக்கட்டும்."

கீழே கீழே வந்து, தட்டையாகி, நின்றது. பிறகுதான் அவிழ்த்தேன்.

கோல் கடை மூலையில் சாத்தியிருக்கிறது. பூசைக்கு அதற்கும் பொட்டு வைத்தேன். அடி ரப்பர் வாங்கியபடியே இருக்கிறது. துளி மண்கூடப் படவில்லை.