அளவக்காவின் கதவு

அளவக்காவுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது அவருடைய கண். ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதற்குள் தோள் என்ன, இடுப்பு என்ன என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். டேப்பை எடுத்து அளப்பதெல்லாம் வந்தவர்களின் மனத் திருப்திக்குத்தான். கழுத்து வட்டமா சதுரமா என்று யாராவது முழித்தால், "உங்க முகத்துக்கு வட்டம்தான்" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார். முப்பது வருடமாக ஊராரின் குழப்பத்தைத் தீர்த்துவைத்த அந்த மனுஷியைத்தான் ஒரு கதவு படாதபாடு படுத்தியது.

கதவைச் சொல்லும் முன் வீட்டுக்காரரைச் சொல்லிவிட வேண்டும். கணவர் போன பிறகு ஒன்பது வருடமாக அக்கா இருந்தது வாடகை வீட்டில். முன்னறையில் தையல் மெஷின், பின்னறையில் படுக்கை. வீட்டுக்காரரைக் கெட்டவர் என்று வாய் கூசாமல் சொல்ல முடியாது. வாடகையை ஏற்றியதில்லை, அதட்டிப் பேசியதில்லை. கதவைத் தட்டும் பழக்கம் மட்டும் அவருக்கு இல்லை. அவரிடம் இன்னொரு சாவி இருந்தது. குழாய் சொட்டுகிறதா என்று பார்க்க வருவார், மின்சார மீட்டரைப் பார்க்க வருவார், சும்மாவும் வருவார். பூட்டுக்குள் சாவி திரும்பும் சத்தம் கேட்டதும் அக்கா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நிற்பார். பாதிச் சாப்பாட்டில் கை கழுவாமல் நின்ற நாட்கள் எத்தனையோ.

தனக்கென்று ஒரு வீடு வந்தால், தான் திறந்தால் ஒழிய யாரும் உள்ளே வரக்கூடாது. அக்காவின் ஆசை அவ்வளவுதான். அதில் அவருக்குக் குழப்பமே கிடையாது.

வீடும் வந்தது. தெருக்கோடியில் இரண்டு அறை கொண்ட பழைய வீடு. சுவர் சரி, கூரை சரி, வாசலின் மரநிலையும் கல் மாதிரி கெட்டி. கதவை மட்டும் கரையான் தின்று தீர்த்திருந்தது. விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர்ந்தது. மாதக் கடைசியில் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டும், அதற்குள் புதுக் கதவு வேண்டும். அக்கா தச்சுப் பட்டறைக்குப் போனார்.

அந்தத் தச்சரை எல்லோரும் 'அரைநூல்' என்பார்கள். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல். அதிலும் பாதி பிசகினால் அவருக்குத் தூக்கம் வராது.

"தேக்கா, மகோகனியா அக்கா?" என்றார் அவர்.

"எதுப்பா நல்லது?"

"ரெண்டும் நல்லதுதான்."

"ரெண்டும் நல்லதுன்னா எதை எடுக்கிறது?"

"அதை நீங்கதான் சொல்லணும். ஒத்தைக் கதவா, இரட்டையா? வேலைப்பாடு வேணுமா? மெருகு பளபளன்னு இருக்கணுமா, மங்கலா இருக்கணுமா? கைப்பிடி பித்தளையா, இரும்பா?"

அக்காவுக்குத் தலை கிறுகிறுத்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டார். இனிமேல் தன்னிடம் வந்து வட்டமா சதுரமா என்று முழிப்பவர்களை வையக்கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டார்.

பேருந்து ஓட்டும் தம்பி சேதி கேட்டு ஓடிவந்தான். "அக்கா, கதவுன்னா தெருவே நின்னு பாக்கணும். இரட்டைக் கதவு போடு. இந்தப் பக்கம் ஒரு சிங்கம், அந்தப் பக்கம் ஒரு சிங்கம்."

"சிங்கம் எதுக்குடா?"

"பிடிக்கலைன்னா மயில்."

"சரிடா" என்றார் அக்கா. அவனைக் கிளப்புவதற்காகச் சொன்ன சரி அது. அவன் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு போனான்.

வேறு ஊரில் நர்ஸாக இருக்கும் மகள் போனில் பேசினாள். "கண்ணாடி வெச்ச கதவு போடும்மா. வெளிச்சம் வரும். ஊசி கோக்கவே உனக்குக் கண்ணு தெரியல."

"சரிம்மா."

இப்படி எல்லோருக்கும் ஒரு சரி சொல்லிவிட்டு, தனக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் அக்கா தெருத்தெருவாகக் கதவு பார்த்தார். தைத்த துணியைக் கொடுக்கப் போகும் இடத்தில் துணியை விட்டுவிட்டுக் கதவைத் தடவினார். ஒரு வீட்டில் அப்படித் தடவிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"என்ன வேணும்?" என்றாள் உள்ளே இருந்த பெண்.

"ஒண்ணுமில்லம்மா. இது என்ன மரம்?"

அந்தப் பெண் கதவை மேலும் கீழும் பார்த்தாள். "தெரியலையே. கதவுன்னு நினைச்சிட்டு இருந்தேன்."

ஒன்பது நாள் போயிற்று. அக்கா ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகத் தைத்துவைத்தார். பிரித்துத் தைக்கும்போது அழுகை வந்தது. ஒரு கதவைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதவளுக்கு வீடு எதற்கு என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பத்தாம் நாள் ஒரு பள்ளிக்கூட டீச்சர் ரவிக்கை போட்டுப் பார்க்க வந்திருந்தார். ஒரு கை உள்ளே போயிருந்தது, மறு கை இன்னும் போகவில்லை. பூட்டில் சாவி திரும்பியது. டீச்சர் அலறிக்கொண்டு துணிக்குவியலுக்குப் பின்னால் விழுந்தார். "குழாயைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார் வீட்டுக்காரர். முகத்தைத் திருப்பிக்கொண்டு நேராகப் போய்க் குழாயைப் பார்த்தார். அது சொட்டவில்லை. திருப்தியாகத் திரும்பிப் போனார்.

அக்கா மெஷினை மூடிவிட்டுப் பட்டறைக்கு விறுவிறுவென்று நடந்தார்.

"சிங்கமும் வேணாம், கண்ணாடியும் வேணாம். ஒத்தைக் கதவு. தடியா இருக்கணும். உள்பக்கம் மேல ஒரு தாழ்ப்பாள், கீழ ஒரு தாழ்ப்பாள்."

"மரம்?"

"எது கனமோ அது."

"நிலையை நான் ஒருவாட்டி வந்து அளக்கணுமே அக்கா."

"நான் அளந்துட்டேன்" என்று அக்கா ஒரு சீட்டை நீட்டினார். அகலம் நாற்பது, உயரம் எண்பத்திரண்டு.

அரைநூல் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். "நீங்க எடுத்த அளவை நான் சரிபார்க்கிறதா? அபச்சாரம்."

திரும்பி வரும் வழியில் மறுபடியும் குழப்பம் பிடித்துக்கொண்டது. ஒரு சின்ன மயிலாவது சொல்லியிருக்கலாமோ? கண்ணாடி இல்லாமல் வீடு இருட்டிவிடுமோ? இரண்டு முறை பட்டறைப் பக்கம் திரும்பினார், இரண்டு முறையும் பாதியில் நின்று வீட்டுப் பக்கம் நடந்தார். எதிரே வந்த சைக்கிள்காரர், "எந்தப் பக்கம்னு முடிவு பண்ணிட்டு நடங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குடிபோகிற அன்று காலை கதவு வந்தது. தேக்கு, நல்ல தடிமன், நான்கு பேர் தூக்கிவந்தார்கள். நிலையில் நிறுத்தினால் உள்ளே போகவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள். போகவில்லை. அரைநூலின் முகம் வெளிறிவிட்டது. நிலையை அளந்தார், கதவை அளந்தார், சீட்டைப் பார்த்தார், மறுபடி நிலையை அளந்தார்.

"அக்கா, நிலை முப்பத்தெட்டுதான் இருக்கு. நாற்பதுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. பக்கத்துக்கு ஒரு இஞ்ச் தையலுக்கு விட்டிருக்கேன்."

சொன்ன பிறகுதான் அது அக்காவின் காதிலேயே விழுந்தது. நான்கு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"தையலுக்கா?" என்றார் அரைநூல். இத்தனை வருடத் தொழிலில் அவர் இவ்வளவு மெதுவாக ஒரு வார்த்தையைச் சொன்னதில்லை. "உயரத்துலயுமா?"

"அதுல மடிப்புக்கு."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தே விட்டார். "சின்னதாப் போயிருந்தாதான் வம்பு. பெரிசை அறுத்துக்கலாம். சாயங்காலம் ஆகும், பரவாயில்லையா?"

வேறு வழி? வாடகை வீட்டை ஒழித்தாயிற்று, சாமான் எல்லாம் நடுக்கூடத்தில் கிடந்தது. முற்றத்தில் வாள் ஓடிக்கொண்டிருக்க, அக்கா வாசலில் ஒரு போர்வையைக் கட்டித் தொங்கவிட்டார். போர்வைக்கு யார் மரியாதை தருவார்கள்? பக்கத்து வீட்டு அம்மா விலக்கிக்கொண்டு வந்து அடுப்பு எங்கே என்று விசாரித்தார். யாரோ இரண்டு பேர் வேறு வீடு என்று நினைத்து உள்ளே வந்து, சாவகாசமாகச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு முறையும் அக்கா எழுந்து நின்றார். பழைய வீட்டிலாவது ஒருவர்தான் வருவார், இங்கே ஊரே வருகிறதே என்று போர்வைக்கு இன்னொரு முடிச்சுப் போட்டார்.

மத்தியானம் தம்பி வந்தான். முற்றத்தில் கிடந்த கதவை ஒரு சுற்றுச் சுற்றினான். "சிங்கம் எங்கக்கா?"

அவன் நீட்டிய போனில் மகளின் முகம் தெரிந்தது. "கண்ணாடி எங்கம்மா?"

"எல்லாத்தையும் உள்ள மடிச்சு வெச்சுத் தெச்சிருக்கு" என்றார் அக்கா.

வெயில் தாழும்போது கதவு ஏறியது. அரைநூல் அதைச் சாத்தி, இடுக்கில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பார்த்து, அது நுழையாததில் பூரித்துப்போனார். எல்லோரும் கிளம்பினார்கள். அக்கா தேநீர் போட்டு எடுத்துவந்து, மேல் தாழ்ப்பாளைப் போட்டார், கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டார், உட்கார்ந்தார்.

வீடு கொஞ்சம் இருட்டாகத்தான் இருந்தது. மகள் சொன்னது சரியோ? பார்க்க வெறும் பலகையாக இருந்தது. தம்பி சொன்னதும் சரியோ? தேநீரில் பாதி குடித்தும் ஒன்றும் தெளியவில்லை.

அப்போது வெளியே யாரோ கதவைத் தள்ளினார்கள். கதவு அசையவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளினார்கள். அதற்கும் அசையவில்லை. கொஞ்சம் பொறுத்துத் தட்டும் சத்தம் கேட்டது.

அக்கா டம்ளரை வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார். ஆள் உள்ளே வரட்டும் என்று காத்திருந்தார். ஆள் வரவில்லை. மறுபடியும் தட்டினார்கள். இதில் தனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"யாரு?"

"நான்தாம்மா."

"நான்தான்னா?"

"வீட்டுக்காரர்."

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கேலிக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே குழம்பித்தான் கேட்டார்.

"எந்த வீட்டுக்கு?"

வெளியே செருப்பு தரையில் தேயும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, ஒன்பது வருடத்தில் அக்கா கேட்டிராத ஒரு சின்னக் குரல் வந்தது.

"பழைய வீட்டுக்குத்தாம்மா. சாவி ஒண்ணு உங்க கிட்டயே தங்கிடுச்சு. உள்ள வரலாமா?"

சாவி நூல்கண்டு டப்பாவில் இருந்தது. கை நீட்டினால் எடுத்துவிடலாம்.

"கொஞ்சம் இருங்க" என்றார் அக்கா. உட்கார்ந்து, மீதித் தேநீரை ஆற்றி ஆற்றிக் குடித்தார். அதுவரை வீட்டுக்காரர் வெளியே நின்றுகொண்டிருந்தார்.